வாங்குகிற கை

கொடுத்தவர்களுக்கு நம்மிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. பாரி, காரி, ஓரி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட ஒப்பித்துவிடும். வாங்கினவர்களுக்குப் பட்டியல் கிடையாது. பாணர்கள் வாங்கினார்கள், புலவர்கள் வாங்கினார்கள் என்பது தெரியும். வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொண்டார்கள், வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்தார்கள் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. நான் படித்து வளர்ந்த வேதப்புத்தகத்திலும் வாங்குவதைவிடக் கொடுப்பதே பாக்கியம் என்றுதான் இருக்கிறது. இருக்கட்டும்; அதை மறுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் பாக்கியம் எது என்பது வேறு, கடினம் எது என்பது வேறு. ஒவ்வொரு டிசம்பர் மாதக் கடைசியிலும் எங்கள் தெருவில் பலகாரத் தட்டுகள் வீடு விட்டு வீடு போகிறதைப் பார்க்கும்போது, கடினமான காரியம் வாங்குவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் தெரு கூடுவாஞ்சேரியில் இருக்கிறது. தாம்பரத்தைத் தாண்டி, வண்டலூரையும் ஊரப்பாக்கத்தையும் தாண்டினால், செங்கல்பட்டு போகிற ரயில் நிற்கும் ஊர். ஒரு பக்கம் நந்திவரம் ஏரியும் பழைய நந்தீசுவரர் கோயிலும். இன்னொரு பக்கம் இரவு பகலாக ஓயாத ஜி. எஸ். டி. சாலை. மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். அதனால் ஒரே தெருவில் திருநெல்வேலியும் கும்பகோணமும் வேலூரும் நெல்லூரும் அடுத்தடுத்து இருக்கின்றன. மாடி அறைகளில் வடக்கேயிருந்து வந்து மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள். பழைய கிராமத்தில் இன்னார் வீட்டில் இன்னார் கை நனைக்கலாம், இன்னார் கூடாது என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். புதுத் தெருவில் அது தெரியாது. ஒவ்வொரு தட்டும் ஒரு கேள்வியாகத்தான் வாசலைத் தாண்டுகிறது.

எங்கள் வீட்டில் பண்டிகை டிசம்பர் முதல் வாரமே ஆரம்பித்துவிடும். முதலில் நட்சத்திரம். கடையில் மடித்து விற்கிற அட்டை நட்சத்திரம் இப்போது எங்கும் கிடைக்கிறது. என் தகப்பனார் காலத்தில் மூங்கில் சிம்புகளைச் சீவிக் கட்டி, மைதாப் பசையால் வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். பசையில் சிறிது மயில்துத்தம் சேர்க்காவிட்டால் கரப்பான் பூச்சி நட்சத்திரத்தைத் தின்றுவிடும். அப்புறம் குடில். ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தெளித்துப் பத்து நாள் தண்ணீர் காட்டினால் பெத்லகேமில் பச்சைப் புல் முளைத்துவிடும். அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிற அதே கைவேலை. குடிலில் வைக்கிற மண் பொம்மைகள் பண்ருட்டி, கடலூர்ப் பக்கத்திலிருந்து வருகின்றன. நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்கிற அதே குயவர்கள், கொலு முடிந்ததும் சூசையப்பரையும் மூன்று ராஜாக்களையும் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். 1223-இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் முதன்முதலாக உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தாராம். கடலூர்க் குயவருக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மாட்டைத் தெரியும். அது போதும்.

மாதத்தின் நடுவில் அடுப்படி விழித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கேக்கைவிட எண்ணெய்ச்சட்டியில்தான் நம்பிக்கை. அச்சு முறுக்குக்கு இரும்பு அச்சை எண்ணெயிலேயே காய வைத்து, மாவில் முக்கால் பங்குதான் முக்க வேண்டும். முழுக்க முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு அச்சைவிட்டுக் கழலாது. என் மனைவிக்கு இது கை பழகிய வித்தை. நான் முயன்றால் அச்சும் முறுக்கும் பிரியாத தம்பதிகளாகிவிடுகின்றன. கல்கல் உருட்டுவது பிள்ளைகள் வேலை. மாவுருண்டையை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்ட வேண்டும். முள்கரண்டி இல்லாத காலத்தில் அதற்கென்றே ஒரு புதுச் சீப்பு வாங்கி வைத்திருப்பார்கள். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுபடுகிற வாசனை தெருமுனை வரை போகும். ஊரிலிருந்து யாராவது வந்தால் முதலூர் மஸ்கோத் அல்வாவும் ஒரு பொட்டலம் வந்து சேரும்.

கேக் மட்டும் அந்தக் காலத்தில் வீட்டில் வேகாது. அடுப்பு ஏது? உலர்ந்த பழங்களை ஊற வைத்து, மாவைக் கலந்து, தகர டிரேயில் ஊற்றி, தலையில் சுமந்து பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். ரொட்டி வெந்து முடிந்த அடுப்பின் சூட்டில் அது வேகும். அதற்கும் வழியில்லாதவர்கள் பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் பாத்திரத்தை வைத்து மூடி, மூடிமேல் கங்கு போட்டு வேக வைத்தார்கள். இந்த நாட்டில் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தவர் தலச்சேரியில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த மாம்பள்ளி பாபு என்று சொல்கிறார்கள். 1883-இல் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, இதைப் போல் ஒன்று செய்து தா என்று கேட்டாராம். செய்தவர் கிறிஸ்தவர் அல்ல. துரை அதைக் கேட்டுக்கொண்டா சாப்பிட்டிருப்பார்? நட்சத்திரத்திலும் பொம்மையிலும் கேக்கிலும் கை வேலை செய்கிற வரையில் மதம் குறுக்கே வருவதில்லை. வாய்க்குப் போகும்போதுதான் வருகிறது.

இருபத்து நான்காம் தேதி தட்டுகள் கிளம்பும். தட்டு திரும்பி வரும்போது வெறுமனே வரக்கூடாது என்பது நம் ஊர்ச் சம்பிரதாயம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையாவது இருக்க வேண்டும். தீபாவளிக்கு அவர்கள் கொடுத்ததற்கு இது பதில். இதற்குப் பதில் பொங்கலுக்கு வரும். ரம்ஜானுக்கு மூன்றாவது வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். இப்படிப் பதிலுக்குப் பதில் போய்வருவதைக் கொடை என்று சொல்லலாமா? வள்ளுவர் ஈகை அதிகாரத்தைத் தொடங்கும்போதே இல்லாதவனுக்குக் கொடுப்பதைத்தான் ஈகை என்கிறார். மற்றதெல்லாம் திரும்பி வரும் என்ற கணக்கு. இயேசுவும் விருந்து வைக்கிறவனைப் பார்த்து அதையேதான் சொன்னார். சிநேகிதரையும் பணக்கார அயலாரையும் கூப்பிட்டால் அவர்கள் உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள்; அதனால் ஏழைகளையும் ஊனரையும் கூப்பிடு என்பது லூக்கா 14-ஆம் அதிகாரம். 1925-இல் மார்செல் மாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், பல நாட்டு ஆதிக்குடிகளின் வழக்கங்களை ஆராய்ந்து, கொடுப்பதும் கடமை, வாங்குவதும் கடமை, திருப்பிக் கொடுப்பதும் கடமை, சும்மா வருகிற பரிசு என்று ஒன்று இல்லை என்று எழுதினார். கூடுவாஞ்சேரிக்கு வந்திருந்தால் எங்கள் தெருவையும் சேர்த்துக்கொண்டிருப்பார்.

தட்டுப் பரிமாற்றத்தைக் கொடை என்று நான் வாதாடப் போவதில்லை. வள்ளுவரே ஈகைக்கு முந்திய அதிகாரத்துக்கு ஒப்புரவு என்று பெயர் வைத்திருக்கிறார். ஊரோடு ஒத்து வாழ்வது, உலகத்தோடு கலப்பது. தட்டு அந்த அதிகாரத்தைச் சேர்ந்தது. ஆனால் ஒப்புரவு என்றால் இரண்டு கை வேண்டும். மாஸ் சொன்ன மூன்று கடமைகளில் நடுவிலே இருக்கிறதே, வாங்குகிற கடமை, அதில்தான் இப்போது சிக்கல்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு மாமி இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். நாங்கள் குடிவந்த வருஷத்திலிருந்து எங்கள் தட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்வார். “அடடா, இத்தனை எதுக்கு?” என்பார். தட்டைத் திருப்பும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வைப்பார். ஒரு வருஷம் கிறிஸ்துமசுக்கு மறுநாள், இரண்டு வீட்டிலும் வேலை செய்கிற பெண் என் மனைவியிடம் வெள்ளை மனத்தோடு சொன்னாள்: “அக்கா, உங்க வீட்டுக் கேக்கு இந்த வாட்டி பசங்களுக்கு ரெண்டு பங்கு. நீங்க குடுத்தது ஒண்ணு, எதிர் வீட்டம்மா குடுத்தது ஒண்ணு. வருஷா வருஷம் குடுத்துடுவாங்க.”

என் மனைவி சிரித்துவிட்டாள். பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

மாமியின் பேரில் எனக்குக் கோபம் வரவில்லை. கேக்கில் முட்டை இருக்கிறது. பழத்தை எதில் ஊற வைத்தார்களோ என்ற சந்தேகமும் அவருக்கு இருக்கலாம். எழுபது வருஷ ஆசாரத்தை ஒரு துண்டு கேக்குக்காக விடு என்று சொல்ல நான் யார்? வேண்டாம் என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்லிப் புண்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தில் அன்பு இருக்கிறது. குற்றமற்ற நன்மை பயக்கிற பொய்க்கு வள்ளுவரே ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறார் அல்லவா?

ஆனால் அந்தப் பொய்யை அங்கேயே விட்டுவிட எனக்கு முடியவில்லை. புண்பட்டது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நாங்கள் அல்ல. எங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. கேக் நல்ல பிள்ளைகள் வாய்க்குத்தான் போயிற்று. லூக்கா 14-இன்படி பார்த்தால் போக வேண்டிய இடத்துக்கே போயிற்று என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் அங்கே ஒரு தீர்மானம் நடந்திருக்கிறது. என் வாய்க்கு ஆகாதது இவள் வாய்க்கு ஆகும் என்பது அந்தத் தீர்மானம். அதை மாமி மட்டுமா செய்கிறார்? பலகாரம் சுடுகிற எந்த வீட்டிலும் உடைந்த முறுக்குக்கு ஒரு டப்பா தனியாக இருக்கிறது. அது யாருக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மேல் படியில் மறுக்கப்பட்ட பண்டம் கீழ்ப் படிக்கு இறங்கும்போது அதற்குத் தர்மம் என்று பெயர் மாறிவிடுகிறது. என் தாயார் இந்த விஷயத்தில் கறாரானவர். மாவு இடித்துக் கொடுத்த பெண்ணுக்கு முதல் ஈட்டில் எடுத்த அதிரசம்; அப்புறம்தான் வீட்டுக்கு. காரணம் சொன்னதில்லை. என் மனைவியும் அதைக் காரணம் கேட்காமலே கடைப்பிடிக்கிறாள்.

இதுவரை எதிர்வீட்டைப் பற்றிச் சொன்னேன். நியாயமாக எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

என் தங்கை அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். சில வருஷங்களாக மிகவும் கண்டிப்பான ஒரு சபைக்குப் போகிறாள். ஒரு சரஸ்வதி பூஜையன்று மாமி சுண்டலும் பொரியும் கொண்டுபோனபோது, கேட்டருகிலேயே நின்று கைகூப்பி, “மன்னிச்சுக்கோங்க மாமி, சாமிக்குப் படைச்சதை நாங்க சாப்பிடுறதில்ல” என்று சொல்லிவிட்டாள். மாமி அப்படியே திரும்பி வந்தார். மேல் துணியைக்கூட விலக்காத தட்டு. நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு எங்கள் வீட்டில் பெரிய விவாதம்.

“நாம குடுக்கிறதை மட்டும் அவங்க வாங்கணும், அவங்க குடுத்தா நாம வாங்கக்கூடாது. இது என்ன நியாயம்?” என்று கேட்டாள் என் மனைவி.

“நான் இப்ப யாருக்கும் குடுக்கிறதும் இல்லையே, மதினி” என்றாள் தங்கை. “எனக்கு உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு வைக்கத் தெரியாது. வாங்கிட்டு வேலைக்காரிட்ட குடுக்கவும் தெரியாது.”

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. மாமி வாங்கினார், உண்ணவில்லை. இவள் உண்ண மாட்டாள், அதனால் வாங்கவும் இல்லை. எது மரியாதை? பொய்யான புன்னகையா, மெய்யான மறுப்பா? மெய்யைச் சொன்னவள் மனம் நோக வைத்தாள். பொய்யைச் செய்தவர் உறவைக் காப்பாற்றினார். நாவலாசிரியனுக்கு இப்படிப்பட்ட இரண்டு பாத்திரங்கள் கிடைத்தால் கொண்டாட்டம். ஆனால் ஒருத்தி சொந்தத் தங்கையாகவும் ஒருவர் எதிர்வீட்டு மாமியாகவும் இருந்தால் தூக்கம் போய்விடுகிறது.

தங்கை ஆதாரமாகக் காட்டுவது பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தை. நானும் அதையே எடுத்துப் படித்தேன். கொரிந்துவில் கடையில் விற்கிற இறைச்சி பெரும்பாலும் கோயிலில் பலியிட்டதாக இருக்கும். அதை விசுவாசி சாப்பிடலாமா என்பது அங்கே பெரிய தகராறு. பவுல் சொல்கிற தீர்ப்பு விசித்திரமானது. கடையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. விசுவாசமில்லாதவன் விருந்துக்குக் கூப்பிட்டால் போ. வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு. ஆனால் ஒருவன், இது படைக்கப்பட்டது என்று உன்னிடம் சொன்னால் சாப்பிடாதே. அதுவும் உன் மனச்சாட்சிக்காக அல்ல, சொன்னவனுடைய மனச்சாட்சிக்காக என்கிறார். பண்டத்தில் ஒன்றுமில்லை, இரண்டு மனிதருக்கு நடுவில் அதற்கு என்ன பொருள் ஏறியிருக்கிறது என்பதே கேள்வி. தங்கைக்கு இந்த வசனத்தின் பின்பாதி பிடிக்கும். என் மனைவிக்கு முன்பாதி. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் எழுதினார் என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிடுகிறது.

இன்னொன்றையும் நான் தங்கைக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் கேக்கை வெட்டுவதற்கு முன் எல்லாரும் நின்று ஜெபம் செய்கிறோம். எதிர்வீட்டுக் கண்ணுக்கு அது படையல் இல்லாமல் வேறென்ன? நம்முடைய ஜெபம் ஜெபம், அவர்களுடையது படையல் என்பதை நாம் நம்பலாம். அவர்களும் அதையே நம்பி நம் தட்டை வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா? அவள் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தமில்லை.

சோற்றைக் கொண்டு மனிதனை அளக்கிற இந்த வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதா? 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நோபிலி, ஏற்கெனவே அங்கே இருந்த போர்த்துக்கீசியப் பாதிரியாரோடு ஒரே வீட்டில் இருந்து உண்டால் மேல் ஜாதியார் தம்மை அண்டமாட்டார்கள் என்று கண்டு, தனி வீடு பார்த்துக்கொண்டார். பிராமணச் சமையற்காரர் சமைத்த மரக்கறி உணவை ஒரு வேளை உண்டார். ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு குருமார் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லை! அவருடைய தியாகத்தையும் தமிழையும் நான் மதிக்கிறேன். இருந்தும் அந்த இரண்டு அடுப்புகளை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதற்கு நேர் எதிரான திசையில் 1850-இல் சென்னை மிஷனரிகளின் மாநாடு ஒரு தீர்மானம் செய்தது. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்டு ஜாதியை விட்டதாகக் காட்டாத எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் பரீட்சைக்காக விழுங்கின கவளத்தைச் சமபந்தி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சமைத்தவர் அங்கே ஓர் அளவுகோலாக நிறுத்தப்பட்டாரே தவிர, விருந்தோம்புகிறவராக அல்ல.

சேரன்மாதேவிக் குருகுலத்தின் கதை எல்லாருக்கும் தெரியும். வ. வே. சு. ஐயர் 1922-இல் ஆரம்பித்த அந்தத் தேசியப் பள்ளியில் சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்பதற்காக 1924-25-இல் தமிழ்நாடே இரண்டுபட்டது. பெற்றோரின் மனச்சாட்சிக்கு இடம் கொடுத்தேன் என்றார் ஐயர். மற்றப் பிள்ளைகளின் மனம் என்ன ஆவது என்று கேட்டார்கள் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும். கேட்டவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் முடிவு. தனிமனிதன் தன் வீட்டில் எதையும் உண்ணாமல் இருக்கலாம். பத்துப் பிள்ளைகளை ஒரு கூரையின்கீழ் சேர்த்துவிட்டு, இரண்டு பந்தி விரித்தால், ஒரு பந்தி இன்னொன்றைத் தினமும் அவமதித்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் பக்கத்திலேயே, தாம்பரத்தில், இந்தக் கேள்வியின் பெரிய உருவம் ஒரு தடவை விவாதிக்கப்பட்டது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மறு வருஷம் டிசம்பர் 12 முதல் 29 வரை அங்கே உலக மிஷனரி மாநாடு கூடிற்று. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 470-க்கு மேற்பட்டவர்கள். மற்ற மதங்களைக் கிறிஸ்தவன் எந்தக் கண்ணால் பார்ப்பது என்பது முக்கியமான விவாதம். ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சுக்காரர் இதற்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மற்ற மதங்களுக்கும் நடுவில் தொடர்ச்சி இல்லை என்பது அவர் கட்சி. செஞ்சையா, சக்கரை போன்ற சென்னைக் கிறிஸ்தவர்கள் அதற்கு மறுப்பாகச் சிந்தித்து அதே வருஷம் ஒரு நூல் வெளியிட்டார்கள். இந்த நாட்டு மண்ணும் அதன் ஞானமும் தங்களுக்கு அந்நியமல்ல என்பது அவர்கள் கட்சி. மாநாட்டின் நடுவில்தான் அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் வந்தது. கிரேமரின் கட்சியைத் தங்கை படித்ததில்லை; ஆனால் நாலு வரியில் அவள் அதைத்தான் சொன்னாள். செஞ்சையாவை என் மனைவிக்குத் தெரியாது. மேடையில் பதினெட்டு நாள் பேசியும் தீராத வழக்கை எங்கள் வீட்டுப் பெண்கள் இரவுச் சாப்பாட்டுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று நான் எதிர்பார்த்தால் அது அநியாயம்.

ஒரு தடவை மட்டும் இந்தக் கேள்வி எழவே இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ. மீ. மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் கழுத்தளவு நீரில் நின்றன. மாடிகளில் தவித்தவர்களுக்குப் பொட்டலம் வந்தது. கோயிலிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் வந்தது. எது எங்கிருந்து என்று யார் கேட்டார்கள்? பசித்தவன் பவுலின் முன்பாதியைத் தானாகவே கைக்கொண்டுவிடுகிறான். ஆனால் வெள்ளத்தைக் காட்டி, பார்த்தாயா, மனிதர் எல்லாரும் ஒன்று என்று பிரசங்கம் செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பசியில் வாங்குவதற்கு நெஞ்சம் தேவையில்லை, வயிறு போதும். வீட்டில் வேண்டியது இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல முடிகிறபோது, அயலான் கையிலிருந்து வாங்குவதுதான் பரீட்சை. தண்ணீர் வடிந்ததும் அவரவர் ஆசாரம் அவரவரிடம் திரும்பி வந்துவிட்டது, நனைந்த பாய் வெயிலில் உலர்ந்து திரும்பியதைப் போல.

அப்படியானால் என்ன செய்ய? பழம் கொடுப்பது ஒரு வழி. பழைய ஊர்களில் கிறிஸ்தவ வீட்டிலிருந்து ஆசாரமான வீட்டுக்குப் பலகாரம் போகாது. பழமும் வெற்றிலையும் பச்சரிசியும் போகும். அடுப்பைத் தொடாத பண்டத்துக்குத் தீட்டு ஒட்டாது. அது ஒரு சமாதான உடன்படிக்கை. உடன்படிக்கையைக் கேலி செய்யக்கூடாது; அதனால் பல தெருக்கள் பல தலைமுறை சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன. ஆனால் வாழைப்பழம் என் மனைவியின் கையைக் காட்டாது. எண்ணெய்ச்சட்டிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரம் பழத்தில் இல்லை. அவள் கொடுக்க நினைத்தது அதைத்தான்.

அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். அடுத்த டிசம்பரில் நேராக எதிர்வீட்டுக்குப் போய், “மாமி, எங்க வீட்டுப் பலகாரத்துல நீங்க எதைச் சாப்பிடுவீங்க? சொல்லுங்க, அதைச் செய்றேன்” என்று கேட்டாள். வேலைக்காரப் பெண் சொன்னதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மாமி அவளைச் சிறிது நேரம் பார்த்தாராம். பிறகு, “அதிரசம் சாப்பிடுவேன். புது எண்ணெயா இருக்கணும். முட்டைக் கரண்டி படப்படாது” என்றாராம். இருபது வருஷப் புன்னகையைவிட அந்த மூன்று நிபந்தனைகளில் அதிக மரியாதை இருந்ததாக என் மனைவி சொன்னாள். அதிரசம் போயிற்று. மாமி வாசலில் நின்றபடியே ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். “பாகு ஒரு கம்பி கூடிப்போச்சு” என்றார்.

தங்கை விஷயம் அவ்வளவு சுலபத்தில் ஆகவில்லை. போன சரஸ்வதி பூஜையன்று மாமி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு அவள் வீட்டுக்குப் போனார். எனக்குப் பகீர் என்றது. மாமி கேட்டருகில் நின்று, “இது படைக்காததும்மா. உனக்குன்னு எடுத்து வெச்சது” என்றார். தங்கை கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

பிறகு மாமியே என் மனைவியிடம் சொன்னார்: “நைவேத்தியத்துக்கு முன்னாடி எடுக்கப்படாதுடீ. எங்காத்துல யாரும் எடுத்ததில்லே. எங்க மாமியார் இருந்தா வீட்டை விட்டே அனுப்பியிருப்பா. அம்பாள் கோவிச்சுக்க மாட்டான்னு எடுத்து வெச்சேன்.”

தங்கைக்கு இது தெரியாது. சாமிக்குக் காட்டுமுன் சுண்டல் பானையில் கரண்டியை விடுவது அந்த வீட்டில் எவ்வளவு பெரிய காரியம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தன் விரதம் கெடாமல் இருக்க இன்னொருத்தி தன் விரதத்தை விட்டுக்கொடுத்தாள் என்று அவளிடம் சொல்லலாமா என்று மனைவி என்னைக் கேட்டாள். சொன்னால் அவள் அழுவாள், அல்லது இனிமேல் வாங்கமாட்டாள்; எது நடக்கும் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. விசாரிக்காமல் சாப்பிடு என்று பவுல் சொன்னது இந்த மாதிரி சமயத்துக்கும் பொருந்துமோ என்னவோ.

கிண்ணம் இன்னும் தங்கை வீட்டில்தான் இருக்கிறது. வெறுமனே எப்படித் திருப்பி அனுப்புவது என்று அவள் யோசிக்கிறாளாம். நேற்று என் மனைவியிடம் வந்து, முட்டை போடாமல் தேங்காய்ப்பாலில் மட்டும் அச்சு முறுக்கு வருமா, மாவு அச்சில் பிடிக்குமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.